போனஃபைடுக்கு அர்த்தம் கேட்டவர்

‘நியூஸ்’ என்ற ஆங்கிலச் சொல், நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நான்கு திசைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்துச் செய்யப்பட்டது என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர் இல்லை. பத்திரிகையில் வேலை பார்ப்பவனிடம் இதைச் சொல்லாமல் இருக்கப் பலரால் முடிவதில்லை. ஆனால் சொல்லி முடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான் வியப்பதற்காகக் காத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

அது தவறு. புதியது என்று பொருள்படும் சொல்லோடு ஒரு பன்மை எழுத்து சேர்ந்து உண்டானது அது. திசைகளுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. இதை நான் அன்று சொல்லவில்லை. என் மகளை அந்தப் பள்ளியில் சேர்க்கக் கொண்டுவந்திருந்த மாற்றுச் சான்றிதழ் அவருடைய முழங்கைக்குக் கீழே இருந்தது. “அப்படியா சார், தெரியாதே” என்றேன். ஐந்து நிமிடத்தில் சேர்க்கை முடிந்தது.

ஆவடியில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் அவர் அலுவலக எழுத்தர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. மேசையின் இடப்பக்கம் பழுப்பு அட்டை போட்ட ஆங்கில அகராதி ஒன்று இருக்கும். அதை யாரும் தொடக் கூடாது. வலப்பக்கம் இழுப்பறை. பள்ளியின் வட்ட முத்திரை, தலைமை ஆசிரியையின் பெயர் முத்திரை, ஊதா மைப்பெட்டி, பள்ளியின் பெயர் அச்சிட்ட தாள்கள் எல்லாம் அதற்குள். சாவி அவருடைய இடுப்பில். தலைமை ஆசிரியைக்கு ஒரு முத்திரை வேண்டுமென்றால்கூட அவரைத்தான் கூப்பிட வேண்டும். அந்த அம்மாள் கணக்கில் கெட்டிக்காரர். ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பயப்படுவார். கல்வித் துறைக்குப் போகும் எல்லாக் கடிதங்களையும் எழுதிக் கொடுப்பவர் இவர் என்பதால் முத்திரை எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்டதே இல்லை.

அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை. அதில் திங்கட்கிழமைதோறும் ஒரு ஆங்கிலச் சொல் எழுதுவார். அதன் கீழே பொருள், பயன்பாடு, மூலம் என்று மூன்று வரிகள். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு வாரம் ‘வெர்னாக்குலர்’ என்று எழுதியிருந்தார். பொருள்: வட்டார மொழி. மூலம்: எசமான் வீட்டிலேயே பிறந்த அடிமை என்ற பொருளுள்ள லத்தீன் சொல். அந்தப் பலகைக்குக் கீழேதான் தமிழ்வழி வகுப்புப் பிள்ளைகள் விண்ணப்பம் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “படிச்சியா? உன் மீடியத்துக்கு அதான் அர்த்தம்” என்பார். நான் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவர் சொன்னவற்றில் தவறானவை யாரையும் எதுவும் செய்யவில்லை. சரியானவைதான் போய்க் குத்தின.

பள்ளியில் ஓர் ஆயா இருந்தார். மணி அடிப்பது, தண்ணீர் வைப்பது, டீ வாங்கி வருவது எல்லாம் அவர்தான். ஒருநாள் நான் இருக்கும்போதே எழுத்தர் ஆயாவிடம் சொன்னார்: “பியூன்னா என்ன தெரியுமா? லத்தீன்ல கால்னு அர்த்தம். குதிரை இல்லாம நடந்து போற சிப்பாய்.”

“அப்ப நீ இன்னா சார்?”

“கிளார்க். அந்தக் காலத்துல சர்ச்சுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவனுக்குப் பேரு.”

ஆயா டம்ளரை வைத்தார். “படிக்கத் தெரிஞ்ச சார், ஃபேன எந்தப் பக்கம் திருப்புனா ஓடும்னு தெனம் என்னத்தான் இட்டாந்து கேக்குற.”

எழுத்தர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறர் தடுமாறும்போது உதட்டின் இடது ஓரம் கொஞ்சம் கீழே இறங்கும். அதுதான் அவருடைய சிரிப்பு.

அவர் கை நீட்டுகிறவர் இல்லை. இதை எழுதாமல் விட்டால் நியாயமாக இருக்காது. பெற்றோர் வாங்கிக் கொடுத்த ஒரு டீயைக்கூட அவர் தொட்டதில்லை. தீபாவளிக்கு யாரோ வைத்துவிட்டுப் போன இனிப்புப் பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அந்த நேர்மை அவருக்கு வசதியாக இருந்தது. பணம் வாங்கியிருந்தால் வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டியிருந்திருக்கும்.

போனஃபைட் என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் அது ஒரு தாள். கல்விக் கடன் கேட்டால் வங்கியில் சொல்வார்கள், ‘போனஃபைட் எடுத்துக்கினு வா’. பாஸ்போர்ட்டுக்கு, உதவித்தொகைக்கு, விளையாட்டுப் போட்டிக்கு, விடுதிக்கு, எதற்கும் அது வேண்டும். இந்தப் பிள்ளை இந்தப் பள்ளியில் இந்த வகுப்பில் படிக்கிறது என்று பள்ளி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துத் தரும் தாள். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூட இந்தச் சொல்லைத் தடுமாறாமல் சொல்வார்கள். ரேஷன், ஆதார், போனஃபைட். லத்தீனில் அது போனா ஃபிடே. நல்ல நம்பிக்கையோடு, வஞ்சக எண்ணம் இல்லாமல் என்று பொருள். ரோமானியச் சட்டத்தில் இருந்து ஆங்கிலச் சட்டத்துக்கு வந்து, அங்கிருந்து நம் அலுவலகங்களுக்கு வந்து, கடைசியில் பள்ளி ஜன்னல் கம்பிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கம்பிக்கு உள்பக்கம் அவர் இருந்தார். யார் வந்து கேட்டாலும் உரையாடல் ஒரே மாதிரி போகும்.

“என்ன வேணும்?”

“போனஃபைட் சார்.”

“அப்படின்னா?”

“பேங்க்ல கேக்குறாங்க சார்.”

“பேங்க்ல கேக்குறது இருக்கட்டும். நீ கேக்குறியே, அப்படின்னா என்ன? மீனிங் சொல்லு. எங்கேருந்து வந்தது, சொல்லு. தெரியாத ஒண்ண எப்படிக் கேக்குற?”

வந்தவர் விழிப்பார். உதட்டின் ஓரம் இறங்கும். “தெரிஞ்சுக்கிட்டு நாளைக்கு வா.”

யார் வந்து கேட்டாலும் என்று மேலே எழுதியது சரியல்ல. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்து ஒரு அதிகாரி வந்தார். மடிப்புக் கலையாத பேண்ட், கையில் கார் சாவி. ‘போனஃபைட் ப்ளீஸ்’ என்றார். இவர் எழுந்து நாற்காலி போட்டார். அர்த்தம் கேட்கவில்லை. என்னிடமும் கேட்டதில்லை. பதில் தெரியாது என்று முகத்தில் எழுதியிருப்பவர்களிடம் மட்டும்தான் கேட்பார்.

ஒருமுறை கணிப்பு தவறிவிட்டது. பூந்தமல்லியில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக், நகக்கண்ணில் கிரீஸோடு வந்து நின்றார். அர்த்தம் கேட்டதும் கைப்பேசியை எடுத்துத் தட்டி, “லத்தீனாம் சார். நல்ல எண்ணம்னு போட்டுகீது” என்று படித்துக் காட்டினார்.

“எந்த நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்தது?”

“சார், நான் வண்டிக்கு ஆயில் மாத்துறவன். போன தபா எப்ப மாத்துனேன்னு கேட்டாலே தெரியாது. நூற்றாண்டுக்கு எங்க போவேன்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு விலை இருந்தது. மெக்கானிக்கின் மகனுக்குத் தாள் கிடைக்க நான்கு நாள் ஆனது. எந்தப் பதிலும் எழுத்தருக்குப் போதாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். பொருள் சொன்னால் மூலம் கேட்பார், மூலம் சொன்னால் நூற்றாண்டு. அதற்கும் பதில் வந்தால் இன்னொன்று வைத்திருப்பார்.

இப்போது ஓய்வு பெற்றுக் கொரட்டூரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். காலையில் ஏரிக்கரையில் நடக்கிறவர்களை நிறுத்திச் சொற்களுக்கு மூலம் சொல்கிறாராம். அவர் வரும் நேரம் பார்த்துப் பலர் எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அங்கே வசிக்கும் நண்பர் சொன்னார். முத்திரை கையில் இல்லாதவரிடமிருந்து தப்புவது அவ்வளவு எளிது.

என் மகள் அந்தப் பள்ளியில் சேர்ந்த இரண்டாம் வருடம் ஆண்டு மலர் போட்டார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் பெற்றோராக இருப்பதைத் தலைமை ஆசிரியை பயன்படுத்திக்கொண்டார். பிழை திருத்தித் தர வேண்டும் என்றார். எனக்கு வேலை மாலையில்தான். ஒரு வாரம் காலை நேரங்களில் அந்த அலுவலகத்தில், அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து திருத்தினேன். அதனால்தான் அந்த வாரம் நடந்ததை என்னால் கிழமை வாரியாகச் சொல்ல முடிகிறது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றார். பெயர் கோட்டீஸ்வரி. சேக்காட்டில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் தையல் வேலை. தோளில் துணிப் பை, அதன் வாரில் குத்திய ஊக்கில் ஒரு நூல் துணுக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மகள் நந்தினி அந்தப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. தடை தாண்டும் ஓட்டத்தில் மாவட்ட அளவில் முதலாவதாக வந்திருந்தாள். மாநிலப் போட்டிக்குப் பெயர் அனுப்ப வேண்டும். படிவத்தோடு, புகைப்படம் ஒட்டி, படத்தின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியும் விழும்படி முத்திரை வைத்த போனஃபைட் வேண்டும். மறுநாள் வெள்ளி மாலைக்குள் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். பள்ளி மாணவியாக அவள் ஓடக்கூடிய கடைசி வருடம் அது.

இதெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னதில் இருந்தே எனக்குத் தெரியும். அவர் வருவது அது முதல் தடவையும் இல்லை.

“திங்கக்கெளம பொண்ணு வந்துச்சி, அம்மாவ இட்டாறச் சொன்ன. நேத்து நான் வந்தேன், லெட்டரு எழுதிக்கினு வரச் சொன்ன. இந்தா லெட்டரு. போட்டோவும் கீது. குடு சார், நான் போவணும். பத்தரைக்கு மேல போனா அரை நாளு போய்டும்.”

அவர் கடிதத்தை மேலிருந்து கீழே படித்தார். குறை எதுவும் இல்லை போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன வேணும்னு எழுதியிருக்க?”

“போனஃபைட்.”

“அப்படின்னா?”

கோட்டீஸ்வரி தயங்கவில்லை. “எம் பொண்ணு இந்த இஸ்கூல்ல படிக்கிறா. அது நெசம்னு நீ எழுதிக் குடுக்குறது. அதான் சார் அர்த்தம்.”

நான் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். இருபது வருடம் செய்தி மேசையில் இருந்த எனக்கு அதைவிடச் சுருக்கமாக எழுத வந்திருக்காது.

“அது யூசேஜ். நான் மீனிங் கேட்டேன்” என்றார் அவர். “எந்த மொழி? எங்கேருந்து வந்தது?”

“எங்கேருந்து வந்தா இன்னா சார்? இங்கதான வாங்கிக்கினு போறாங்க எல்லாரும்?”

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் களுக்கென்று சிரித்தார். எழுத்தரின் முகம் இறுகியது. பிறகு என் பக்கம் திரும்பினார். “சார் பேப்பர்ல இருக்கார். சார், நீங்க சொல்லுங்க. போனஃபைட்னா என்ன?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இந்த அம்மா சொன்னதுதான் அர்த்தம் என்றும் சொல்லியிருக்கலாம். கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய். “லத்தீன். போனா என்றால் நல்ல, ஃபிடே என்றால் நம்பிக்கையோடு” என்றேன்.

“பாத்தியா?” என்றார் ஜன்னல் பக்கம் திரும்பி. “படிச்சவங்க எப்படிச் சொல்றாங்க பாரு. கேட்டுக்கிட்ட இல்ல? நாளைக்குக் காலைல வந்து இதையே சொல்லு. வாங்கிட்டுப் போ.”

கோட்டீஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. மேசையில் இருக்கும் ஒரு பொருளைப் பார்ப்பது போல. பிறகு யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: “காசு கேட்டா குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பேன். அர்த்தம் கேக்குறான்.”

கோட்டீஸ்வரி போன பிறகு எழுத்தரிடம், நாளை கடைசி நாளாமே, இன்றே கொடுத்துவிடலாமே என்றேன். குரல் நான் நினைத்ததைவிடத் தணிந்து வந்தது.

“இவங்களுக்கு ஈஸியா குடுத்தா மதிப்பு தெரியாது சார்” என்றார். “நாளைக்கும் நாள் இருக்கே.” அகராதியைத் திறந்து, நான் சொன்னதைச் சரி பார்த்தார். சரியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நான் ஒன்பதரைக்குப் போனேன். கோட்டீஸ்வரி எனக்கு முன்பே வந்து ஜன்னலில் நின்றிருந்தார். பக்கத்தில் நந்தினி, பள்ளிச் சீருடையில், ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டு. தாயின் கையில், சட்டைக் காலருக்குள் வைக்கும் அட்டைத் துண்டு ஒன்று. தன்னோடு வேலை செய்யும் யாரிடமோ கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார். ‘போனா, நல்ல. ஃபிடே, நம்பிக்கையோட. லத்தீன்.’ பென்சிலில், தமிழ் எழுத்தில். உதடு அசைய அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலி காலியாக இருந்தது.

பத்தாயிற்று. பத்தரையாயிற்று. ஆயா வந்து, “அந்த சாரு இன்னிக்கு லீவு. அம்மா ரூமாண்ட போய் கேளுங்க” என்றார்.

தலைமை ஆசிரியையின் அறைக்குள் கோட்டீஸ்வரி போனார். கதவு திறந்தேதான் இருந்தது. அந்த அம்மாள் என்ன வேண்டும் என்று கேட்டதும், அட்டையைப் பார்க்காமல், ஒப்பிப்பது போல் இவர் சொன்னார்: “போனான்னா நல்ல. ஃபிடேன்னா நம்பிக்கையோட. லத்தீன் பாச. எம் பொண்ணுக்கு போனஃபைட் வேணும்மா.”

தலைமை ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எதுக்கும்மா இதெல்லாம் சொல்றீங்க?”

“சொன்னாத்தான் குடுப்பேன்னாரு.”

“யாரு?”

கோட்டீஸ்வரி காலி நாற்காலியைக் கை காட்டினார். ஒரு மாணவியின் தாய் இதைச் சொல்லித்தான் தலைமை ஆசிரியைக்குத் தெரிய வந்தது. பல வருடங்களாகப் பத்தடி தூரத்தில் நடந்துகொண்டிருந்த ஒன்று.

இழுப்பறை பூட்டியிருந்தது. தலைமை ஆசிரியை எழுத்தரைத் தொலைபேசியில் அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. ஆறு முறை அழைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நந்தினி இந்தப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவி என்று தமிழில் கையால் எழுதி, படத்தை ஒட்டி, படத்துக்குக் குறுக்கே பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். விளையாட்டு ஆசிரியை அதை எடுத்துக்கொண்டு வண்டியில் போனார். என்ன ஆகிறதென்று பார்க்க அன்று நானும் அங்கேயே இருந்தேன். அந்த ஆசிரியை மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். முத்திரை இல்லாத தாளை எப்படி வாங்குவது என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டார்களாம். அவர்கள் கேட்டதில் தப்பும் இல்லை.

நந்தினி அழவில்லை. ஓட்டப் பயிற்சிக்குப் போடும் காலணியைப் பையில் வைத்திருந்தாள் போல. அதை எடுத்து ஆயாவிடம், “ஸ்போர்ட்ஸ் ரூம்ல வெச்சிடுங்க ஆயா, இஸ்கூல்து” என்று கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

ஆயா காலணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். “அகராதி புடிச்ச ஆளு” என்றார். தமிழில் அந்த வசவுக்கு இவ்வளவு பொருத்தமான உரிமையாளரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

நான் வேலைக்குக் கிளம்பும் முன், தலைமை ஆசிரியை விடுப்புக் கோப்பை எடுத்து என் முன்னால் பிரித்தார். என்னிடம் காட்டவேண்டும் என்று அல்ல, யாரிடமாவது காட்டவேண்டும் என்று. வெள்ளிக்கிழமைக்கு ஒருநாள் தற்செயல் விடுப்பு. அவசரச் சொந்த வேலை. மூலையில் கடிதம் எழுதிய நாள்: செவ்வாய்க்கிழமை. கீழே அந்த அம்மாளின் கையெழுத்து. ‘நாளைக்குக் காலைல வந்து இதையே சொல்லு’ என்று வியாழக்கிழமை சொல்லும்போது, நாளைக்குத் தான் இருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வழக்கம்போல வந்தார். பலகையில் புதுச் சொல் எழுதினார். தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் அந்த அம்மாள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான். இவர் குரல் எப்போதும் போல இருந்தது.

“வியாழக்கிழமையே ரெடி பண்ணி வெச்சுட்டேன் மேடம். அந்தம்மாதான் வாங்காம போய்ட்டாங்க. இவங்களுக்கு வெயிட் பண்ணப் பொறுமை கிடையாது.”

வெளியே வந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. கணினியைப் போட்டுத் தட்டினார். அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. இழுப்பறையைத் திறந்து, படத்தை ஒட்டி, முத்திரையை ஊதா மையில் ஒற்றி, படத்தின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியும் விழும்படி வைத்தார். சிறிது ஊதி உலர்த்தினார். கையெழுத்துக்காக அனுப்பும் கட்டின் நடுவே அதைச் செருகி உள்ளே கொடுத்தார். கட்டு அரைமணியில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பிறகு அலமாரியில் இருந்து நீளமான ஒரு பதிவேட்டை எடுத்தார். சான்றிதழ் வழங்கும் பதிவேடு. வெள்ளிக்கிழமை யாருக்கும் எதுவும் வழங்கப்படாததால், வியாழக்கிழமையின் கடைசி வரிக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. அங்கே நந்தினியின் பெயரை எழுதினார். தேதிக் கட்டத்தில் மேலே உள்ளது போலவே என்று இரண்டு புள்ளி வைத்தார். ‘பெற்றுக்கொண்டவர் கையொப்பம்’ என்ற கட்டம் மட்டும் மிச்சம்.

வகுப்பில் இருந்து நந்தினியை வரவழைத்து, அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்குக் கோட்டீஸ்வரி வந்தார். வேலைக்குப் போகிற வழி. ஜன்னலுக்கு வெளியேதான் நின்றார். இவர் தாளைக் கம்பி வழியே நீட்டினார். பதிவேட்டையும் திருப்பி, விரலால் இடத்தைக் காட்டினார்.

“இந்தாம்மா உன் போனஃபைட். இங்க ஒரு கையெழுத்து போடு.”

கோட்டீஸ்வரி தாளை வாங்கிப் பார்த்தார். ஆங்கில எழுத்துகளின் மேல் கண் நிற்காமல் ஓடியது. கீழே வந்து எண்களில் நின்றது.

“இன்னா சார், போன வாரத்து தேதி போட்டுகீது?”

“அன்னிக்குத்தான் டைப் பண்ணேன்.”

“அன்னிக்கு எங்கையில குடுத்தியா?”

“ரெடியா இருந்தது. நீதான் அர்த்தம் சொல்லத் தெரியாம போய்ட்ட.”

“இப்ப சொல்லட்டா?”

அவர் கட்டத்தை மறுபடி விரலால் தட்டினார். “கையெழுத்துப் போடும்மா. மேடத்துக்குக் காட்டணும்” என்றார். அந்தக் கட்டம் நிரம்பிவிட்டால், வியாழக்கிழமை கொடுத்ததற்கு ஆதாரம் ஆகிவிடும். கட்டுக்குள் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட தலைமை ஆசிரியை இனிமேல் பார்த்தாலும் ஒன்றும் கேட்க முடியாது. இது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரிந்தது. கோட்டீஸ்வரிக்குத் தெரிந்ததா என்று அப்போது சொல்ல முடியவில்லை.

“பேனா குடு” என்றார்.

அவர் சட்டைப் பையில் இருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கோட்டீஸ்வரி பதிவேட்டைக் கம்பியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, தன் பெயரைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, கட்டத்துக்குள் அடக்கமாக எழுதினார். பேனாவை எடுக்கவில்லை. பெயருக்கு அடியில் அன்றைய தேதியைப் போட்டார். அதற்குப் பக்கத்தில், சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்து, மணியையும் போட்டார்.

“ஏய், அங்க என்ன எழுதுற?”

“தேதி சார். எங்க கம்பெனில வெறும் கையெழுத்து போட்டா சூப்ரவைசரு ஒத்துக்க மாட்டாரு. தேதி, டைமு ரெண்டும் போடணும். போடலன்னா அன்னிக்கு நாம வரலன்னு ஆய்டும்.” பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். தாளையும் கம்பிக்குள் வைத்தார். “இது எனக்கு வாணாம். நீயே வெச்சிக்கோ.”

பேருந்துக்கு நேரமாகிவிட்டது போல. வேகமாகப் போனார்.

பதிவேடு அவர் முன்னால் திறந்து கிடந்தது. ஒரே வரியில் இரண்டு தேதிகள். ஒன்று அவருடைய இரண்டு புள்ளி. இன்னொன்று, நீல மையில், பெரிய எண்களில், ஒன்பது பத்து என்ற மணியோடு. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, எழுத்தை அழிக்கும் வெள்ளை மைப் புட்டியை எடுத்து, மூடியைத் திருகினார். நிமிர்ந்தார்.

நான் திருத்துவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூடியைத் திரும்ப மூடி, புட்டியை உள்ளே வைத்து, இழுப்பறையைப் பூட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.